பான் பேய்ப் புத்தகங்களும் மூர் மார்க்கெட் பாயும்

தை பிறந்து மழை ஈரம் போனதும் புத்தக அலமாரியைக் காலி செய்து துடைப்பது எங்கள் வீட்டில் வருஷா வருஷம் நடக்கும் வேலை. இந்த வருஷம் கீழ்த்தட்டுக்குக் குனிய முழங்கால் இடம் கொடுக்கவில்லை. பேத்தி வந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அட்டைகளில் இருந்த வெட்டுண்ட தலையையும் எலும்புக்கூட்டையும் பார்த்துவிட்டு, "தாத்தா, இதெல்லாம் நீங்க படிச்சதா? நீங்க ஆன்மிகம்தான் படிப்பீங்கன்னு நினைச்சேன்" என்றாள். அவள் அம்மாவுக்கு அந்தச் சந்தேகம் எப்போதும் இருந்ததில்லை. அடுத்த சித்திரையில் நாங்கள் இருவரும் பெங்களூருவுக்கு மகள் வீட்டோடு போய்விடுவது என்று முடிவாகியிருக்கிறது. அங்கே எனக்கு ஓர் அறை உண்டு, அலமாரி கிடையாது. "ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்கப்பா, பேப்பரை எடைக்குப் போட்டுடலாம்" என்கிறாள் மகள். அவளைக் குறை சொல்ல முடியாது. பொடியாக உதிரும் காகிதத்தைத் தொட்டால் அவளுக்குத் தும்மல் வந்துவிடும்.

எடைக்குப் போட்டால் நாலு கிலோ தேறுமோ என்னவோ. போடுவதற்கு முன் இவை என்ன புத்தகங்கள், எங்கிருந்து வந்தன என்று எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

1973இல் ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அலுவலகம் பார்க் டவுன், தங்கல் திருவல்லிக்கேணி மேன்ஷன். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிட நடையில் மூர் மார்க்கெட். நம் வயதுக்காரர்களுக்கு அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1900இல் திறந்தது, அன்றைய நகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் பெயரில் நின்றது. கிளிக்குஞ்சு முதல் கிராமபோன் தட்டு வரை கிடைக்கும். எனக்கு வேண்டியது வெளிச்சுற்றில் இருந்த பழைய புத்தகக் கடைகள்தான். அதில் ஒரு கடை பாயுடையது. பெயர் கேட்டதே இல்லை, பன்னிரண்டு வருஷமும் "பாய்" தான். அவருக்கு நான் "தம்பி".

ஊரில் இருந்தபோது பி.டி.சாமியின் பேய்க் கதைகளைப் போர்வைக்குள் படித்து வளர்ந்தவன் நான். பாய் கடையில் 1974இல் ஒருநாள் கறுப்பு அட்டையில் ஓர் ஆங்கிலப் புத்தகம் கண்ணில் பட்டது. 'பான் புக் ஆஃப் ஹாரர் ஸ்டோரீஸ்', மூன்றாம் தொகுதி. ஒன்றே கால் ரூபாய். அன்று இரவு மேன்ஷனில் விளக்கை அணைக்கவில்லை. ஆங்கிலம் பாதி புரிந்தது. புரியாத பாதிதான் அதிகம் பயமுறுத்தியது.

லண்டனில் பான் என்ற மலிவுப் பதிப்பகம் 1959இல் இந்த வரிசையைத் தொடங்கியது. தொகுத்தவர் ஹெர்பர்ட் வான் தால். வருஷத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 1989 வரை முப்பது தொகுதிகள் வந்தன. வான் தால் 1983 கடைசியில் காலமானார். 25ஆம் தொகுதி வரை அவர் தொகுத்தவை. மீதி ஐந்தையும் அதே பதிப்பகத்தில் நெடுநாள் இருந்த கிளாரன்ஸ் பேஜெட் கொண்டுவந்தார். ஆரம்பத் தொகுதிகளில் பிராம் ஸ்டோக்கர், மியூரியல் ஸ்பார்க், ஆங்கஸ் வில்சன் போன்ற மதிப்பான பெயர்கள் இருக்கும். போகப் போக ரத்தம் கூடி, கதை குறைந்துவிட்டது. பதினைந்தாம் எண்ணுக்கு மேல் சிலவற்றை நான் முழுதாகப் படித்ததே இல்லை. வரிசை விட்டுப் போகக் கூடாது என்று வாங்கி வைத்தேன், அவ்வளவுதான். சேகரிக்கிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இது. இரண்டு பேரும் எனக்குள்ளேயே இருந்து சண்டை போட்டிருக்கிறார்கள். கடைசி முப்பதாம் தொகுதி குறைந்த பிரதிகளே அச்சானதால் இன்று அதற்குத்தான் கிராக்கி.

இந்தக் கதைகளை வான் தால் எங்கே பிடித்தார் என்பது எனக்குப் பல வருஷம் புரியவில்லை. பிறகு மெதுவாக விளங்கியது. அவருக்கு முன்னாலும் ஒருவர் பொறுக்கி வைத்திருந்தார். அவர் ஒரு பெண். கிறிஸ்டீன் கேம்ப்பெல் தாம்சன் என்ற லண்டன் எழுத்தாளர் முகவர், 1925 முதல் 'நாட் அட் நைட்' என்ற பெயரில் திகில் கதைத் தொகுப்புகளைக் கொண்டுவந்தார். செல்வின் அண்ட் பிளவுண்ட் வெளியீடு, விலை இரண்டு ஷில்லிங். பதினோரு தொகுதிகள் வந்தன. 1937இல் அவற்றிலிருந்து எடுத்து ஒரு பெரிய தொகுப்பும் போட்டார்கள். அந்த அம்மாள் ஃபிளேவியா ரிச்சர்ட்சன் என்ற புனைபெயரில் தானும் எழுதுவார். அவர் கணவர் ஆஸ்கர் குக், போர்னியோவில் பிரிட்டிஷ் நிர்வாகத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய ஒரு கதையில் காதுக்குள் பூச்சி புகுந்துவிடும். படித்த பிறகு ஒரு மாதம் நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தேன். பான் முதல் தொகுதியிலேயே கணவன், மனைவி இருவர் கதையும் இருக்கின்றன. ஆக, வான் தால் பழைய தொகுப்புகளை நன்றாகவே புரட்டியிருக்கிறார்.

தாம்சன் அம்மாளுக்குக் கதைகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தன. 'வியர்ட் டேல்ஸ்' என்று ஒரு மாத இதழ். 1923 மார்ச்சில் தொடங்கி, 1954 செப்டம்பரில் நின்றது. மட்டமான மரக்கூழ்க் காகிதம், இருபத்தைந்து சென்ட் விலை, படித்ததும் தூக்கிப் போடுகிற சரக்கு. நாடக ஆசிரியர் டென்னசி வில்லியம்ஸ் பள்ளிப் பையனாக இருந்தபோது எழுதிய கதை 1928இல் அதில்தான் வந்தது. அந்த இதழின் கதைகள் புத்தகக் கட்டுக்குள் வந்தது பல சமயம் அமெரிக்காவில் அல்ல, லண்டனில் இந்த இரண்டு ஷில்லிங் தொகுப்புகளில்தான். எச்.பி.லவ்கிராஃப்டின் ஒரு கதை முதன்முதலாகக் கெட்டி அட்டைக்குள் புகுந்ததும் 1927இல் இந்த வரிசையில்தான்.

லவ்கிராஃப்ட் பெயரைச் சொன்னதும் கொஞ்சம் நிற்க வேண்டும். இன்று அவர் பெயரில் சினிமா, விளையாட்டு, பொம்மை எல்லாம் வருகின்றன. 1937 மார்ச்சில், நாற்பத்தாறு வயதில், பிராவிடன்ஸ் நகரில் புற்றுநோயால் இறந்தபோது அவர் பெயரில் வெளிவந்திருந்த கதைப் புத்தகம் ஒன்றே ஒன்று. அதுவும் முந்தின வருஷம் ஒரு நண்பர் அச்சடித்தது, கட்டியவை இருநூறு பிரதிகளுக்குப் பக்கம், அச்சுப் பிழை ஏராளம். பிழைப்புக்கு அவர் மற்றவர்கள் கதைகளைத் திருத்திக் கொடுத்துக் கூலி வாங்கினார். திருத்துவது என்றால் பல சமயம் முழுக்க எழுதித் தருவது. பான் முதல் தொகுதியில் ஹேசல் ஹீல்ட் என்ற பெயரில் ஒரு மெழுகுப் பொம்மைக் காட்சிசாலைக் கதை இருக்கிறது. 1933இல் 'வியர்ட் டேல்ஸ்' வெளியிட்டது. அதை எழுதியது லவ்கிராஃப்ட். அட்டையைத் திருப்பி உள்ளடக்கத்தைப் பார்த்தால் அவர் பெயர் இருக்காது. கதை இருக்கும். கல்யாண மண்டபத்தில் எல்லாருக்கும் சமைத்துப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போகிற மாஸ்டர் ஞாபகம் வருகிறது எனக்கு.

அவர் எழுத்து பிழைத்ததற்குக் காரணம் மூன்று சேகரிப்பாளர்கள். பேராசிரியர்களோ பெரிய பதிப்பகங்களோ அல்ல.

முதலாமவன் ராபர்ட் பார்லோ, ஃபுளோரிடாவில் இருந்த பதின்வயதுப் பையன். லவ்கிராஃப்டுக்குத் தட்டச்சு என்றால் வேப்பங்காய். "கையெழுத்துப் பிரதியை எனக்குக் கொடுங்கள், நான் தட்டச்சு செய்து தருகிறேன்" என்பது பையன் ஏற்பாடு. கடைசிக் காலக் கதை ஒன்றைப் பெரியவர் பள்ளி நோட்டில் பென்சிலால் எழுதி, அதில் திருப்தியில்லாமல் அனுப்பி வைத்தார். பையன் சொல்லாமல் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டான். லவ்கிராஃப்ட் இறந்ததும் காகிதங்களைப் பொறுப்பேற்று பிரௌன் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்தான். பின்னாளில் மெக்சிகோவில் பழைய நாவாட்டில் மொழி அறிஞராகப் பெயர் வாங்கினான். 1951 தொடக்கத்தில் முப்பத்திரண்டு வயதில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். அந்தப் பென்சில் நோட்டு மட்டும் காணாமல் போய், ஏறக்குறைய அறுபது வருஷம் கழித்து ஹவாய்த் தீவில் கிடைத்து அதே நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. யாரோ ஒருவர் எடைக்குப் போடாமல் வைத்திருந்திருக்கிறார்.

மற்ற இருவர் ஆகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வான்ட்ரே. கதைகளைத் திரட்டி ஒரு புத்தகமாகப் போடுங்கள் என்று நியூயார்க்கின் பெரிய பதிப்பகங்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். மறுத்துவிட்டார்கள். டெர்லெத் விஸ்கான்சினில் சாக் சிட்டி என்ற சிற்றூர்க்காரர். வீடு கட்ட வங்கியில் வாங்கிய கடனில் ஒரு பகுதியை எடுத்து அச்சகத்துக்குக் கொடுத்தார். வீட்டுக் கடன் கட்டியவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று. 1939இல் ஆர்க்கம் ஹவுஸ் என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டு வெளியிட்டார்கள். 1,268 பிரதிகள், ஐந்து டாலர். விற்றுத் தீர நாலு வருஷம் ஆனது. இன்று ஒரு பிரதி பல ஆயிரம் டாலர் போகிறது. அதே ஆர்க்கம் ஹவுஸ்தான் 1947இல் ரே பிராட்பரியின் முதல் புத்தகத்தைப் போட்டது. 1964இல் லிவர்பூலில் இருந்து எழுதிய ராம்சே கேம்ப்பெல் என்ற பதினெட்டு வயதுப் பையனின் முதல் தொகுப்பையும் போட்டது.

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி. அங்கே பேய்க் கதை கௌரவமான வீடுகளில் கிறிஸ்துமஸ் இரவில் சொல்வது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் எம்.ஆர்.ஜேம்ஸ் என்ற பழஞ்சுவடி அறிஞர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நண்பர்களுக்குப் படித்துக் காட்டிய கதைகள் 1904இல் புத்தகமாயின. அதற்குப் படம் வரைந்து கொண்டிருந்தவர் அவருடைய இளம் நண்பர் ஜேம்ஸ் மெக்பிரைட். நாலு படம் முடித்த நிலையில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்து போனார். வேறு ஓவியரை வைத்து முடிக்க ஜேம்ஸ் சம்மதிக்கவில்லை. அந்த நாலு படத்தோடேயே புத்தகம் வந்தது. பேய்க் கதைப் புத்தகம் என்று வாங்கினால், அது ஒரு நண்பனுக்கான திதி போல இருக்கிறது.

நம் நாட்டிலும் ஒரு பொக்கிஷம் உண்டு. 1888இல் அலகாபாத்தில் ஏ.எச்.வீலர் கம்பெனி, ரயில் பயணிகளுக்காக 'இந்தியன் ரயில்வே லைப்ரரி' என்று ஒரு ரூபாய்ப் புத்தக வரிசை தொடங்கியது. அதில் ஐந்தாவது, கிப்ளிங்கின் 'தி ஃபேண்டம் ரிக்‌ஷா'. சிம்லா மலைப்பாதையில் செத்துப்போனவளின் ரிக்‌ஷா ஒருவனைத் தொடரும் கதை. சாம்பல் பச்சைக் காகித அட்டை, ரயிலில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுப்போகும் புத்தகம். நம் பக்கம் ரயில் நிலையங்களில் இருந்தது ஹிக்கின்பாதம்ஸ். முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில் இருந்தும், தெற்கே எந்த நிலையத்துப் பழைய கிடங்கிலும் அந்த ஒரு ரூபாய்ப் புத்தகம் என் கண்ணில் பட்டதில்லை. பார்சல் ஆபீஸ் ஆட்களிடம் கூடச் சொல்லி வைத்திருந்தேன். சிரித்தார்கள்.

தமிழிலும் புதுமைப்பித்தன் 'காஞ்சனை' எழுதியது எல்லாருக்கும் தெரியும். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' கதையை அவர் 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்திருப்பது பலருக்குத் தெரியாது. மூலப் புத்தகம் 1818இல் மூன்று தொகுதிகளாக, எழுதியவர் பெயர் இல்லாமல் ஐந்நூறு பிரதிகள் அச்சானது. அதில் ஒரு பிரதி 2021இல் நியூயார்க் ஏலத்தில் 11.7 லட்சம் டாலருக்குப் போயிற்று. 'பிரேத மனிதன்' முதல் பதிப்பு யார் வீட்டுப் பரணில் இருக்கிறதோ. என்னிடம் இல்லை.

காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மரக்கூழ்க் காகிதத்தில் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடும். மை ஊறாமல் இருக்கப் படிகாரச் சரக்கு வேறு சேர்ப்பார்கள். இரண்டும் சேர்ந்து காலப்போக்கில் அமிலமாகி, காகிதம் தன்னைத் தானே எரித்துக்கொள்ளும். பழுப்பாகி, மடித்தால் அப்பளம் போல் உடையும். சென்னை வெக்கையும் கடற்காற்று ஈரமும் அதை வேகப்படுத்தும். முதுகில் தடவிய பசையைத் தின்ன இராமபாணப் பூச்சி வரும். வசம்பு, வேப்பிலை, பாச்சை உருண்டை எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன். வசம்பு கொஞ்சம் கேட்கிறது. ஒன்று சொல்கிறேன், நேர் வெயிலில் மட்டும் காயப் போடாதீர்கள். நான் 1990களில் அப்படிச் செய்து நாலு அட்டையை வெளுக்க வைத்தேன்.

1985 மே மாதம் என்னிடம் பத்தொன்பது பான் தொகுதிகள் இருந்தன. முதல் தொகுதி மட்டும் கிடைக்கவே இல்லை. அந்த மாதம் மூன்றாம் வாரம் பாய் கையசைத்துக் கூப்பிட்டார். மெட்ராஸை விட்டுப் போன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தின் பெட்டி வந்திருந்தது. அதில் முதல் தொகுதி, 1959 அச்சு, முதுகு விரியாமல். "உங்களுக்குன்னு வச்சிருக்கேன் தம்பி. பன்னெண்டு ரூபா." நான் பத்துக்குக் கேட்டேன். மாதக் கடைசி, பையில் பத்தும் இல்லை என்பது வேறு விஷயம். "சம்பளம் வாங்கிட்டு வாங்க, யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஆனா பன்னெண்டுதான்" என்றார். பழைய செய்தித்தாளில் சுற்றி, மேல் தட்டில் வைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

மே 30, வியாழக்கிழமை, மூர் மார்க்கெட் எரிந்தது. மறுநாள்தான் சம்பளம்.

பிறகு அந்த இடத்தில் ரயில்வேக் கட்டடம் எழுந்தது. புறநகர் ரயில் புறப்படும் இடத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று பெயர். கடைக்காரர்களில் பலர் லில்லி பாண்ட் வளாகத்துக்குப் போனார்கள். பாய் அங்கே இல்லை. ஏழெட்டு மாதம் கழித்துச் சென்ட்ரலுக்கு எதிரே நடைபாதையில் பார்த்தேன். சாக்கு விரித்து முப்பது நாற்பது புத்தகங்கள், பள்ளிக்கூட கைடுகள்தான் அதிகம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, உங்க புக்கு போயிடுச்சு." கடை போயிற்று, அத்தனை சரக்கும் போயிற்று. அந்த மனிதர் என் பன்னிரண்டு ரூபாய்ப் புத்தகத்துக்கு என்னிடம் வருத்தம் தெரிவிக்கிறார். எனக்குப் பேச வரவில்லை. ஒரு கணக்கு கைடு வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையை வாங்காமல் வந்தேன். அவர் கூப்பிட்டுச் சில்லறையைக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கு கைடு இன்னும் என்னிடம் இருக்கிறது. மகளிடம் காரணம் சொன்னதில்லை.

பான் முதல் தொகுதியை 2010இல் பழைய அட்டையோடு மறுபதிப்புச் செய்தார்கள். மருமகன் லண்டன் போனபோது வாங்கி வந்தார். வெள்ளைக் காகிதம், நல்ல கட்டு. ஹேசல் ஹீல்ட் கதையை அதில்தான் படித்தேன். ஆஸ்கர் குக்கும் ஃபிளேவியா ரிச்சர்ட்சனும் ஒரே புத்தகத்தில் இருப்பதைக் கவனித்ததும் அதில்தான். இருந்தாலும் வரிசையில் அதை முதலாவதாக வைக்கவில்லை. முதல் இடம் ஒரு விரற்கடை காலியாகத்தான் இருக்கிறது. பேத்தி அதில் வேறு புத்தகத்தைச் செருகப் போனாள், வேண்டாம் என்றேன்.

துடைத்து முடித்த அன்று மாலை அவளே ஓர் அட்டைப் பெட்டி கொண்டுவந்து, "அம்மாகிட்ட நான் பேசிக்கறேன், என் கட்டிலுக்கு அடியில வச்சுக்கலாம்" என்றாள். இருபத்து நாலு புத்தகங்கள் அதில் அடங்கின. கணக்கு கைடும். கட்டிலடியில் காற்றோட்டம் இருக்காது, பெட்டியில் நாலு துளை போட்டு வசம்புத் துண்டு வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஓர் உதவி. என்னிடம் உள்ள ஏழாம் தொகுதியில் கடைசி நாலு தாள்கள் இல்லை. பாய் வாங்கும்போதே சொல்லித்தான் கொடுத்தார், அதற்காக ஐம்பது பைசா குறைத்தார். நாற்பத்தைந்து வருஷமாக அந்தக் கதையின் முடிவு எனக்குத் தெரியாது. உங்களில் யாரிடமாவது ஏழாம் தொகுதி இருந்தால், கடைசி எட்டுப் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்புங்கள். சித்திரைக்கு முன்னால் அனுப்பினால், அச்செடுத்து, அதே அளவுக்கு வெட்டி, பெட்டியை மூடுவதற்கு முன் உள்ளே வைத்துவிடுவேன்.